தம்பியின் பங்கு

நம் தோட்டத்தில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரிய சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் எந்த லயத்து வீட்டு வரிசைப் பக்கம் நடந்தாலும் இறைச்சி வேகிற வாசனைதான். மற்ற நாளெல்லாம் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றத்தில் கிடக்கிற மூக்குக்கு அன்றைக்கு மட்டும் இஞ்சியும் மிளகும் கிடைக்கும். அந்த ஒரு நாளுக்காகவே மாதம் முழுக்கக் காத்துக் கிடந்தேன் என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். நீங்களும் மரவள்ளிக் கிழங்கும் கருவாட்டுத் தலையும் தின்று வளர்ந்தவர்கள்தானே.

எனக்குச் சாப்பாடு என்றால் உயிர். இன்றைக்கும் அப்படித்தான், அதில் என்ன வெட்கம்? ஆனால் அந்தச் சாப்பாட்டை வைத்தே எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரோடுதான் இத்தனை காலம் இருந்துவிட்டேன். அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே போனால் நம் தோட்டம். இப்போது அங்கே ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. பாதி செம்பனை, பாதி தாமான் குடியிருப்பு வீடுகள், முக்கில் ஒரு லாரிப் பட்டறை. அன்றைக்கு எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. நான் மூத்தவள், ஒன்பது வயது. எனக்கு அடுத்தவன் தம்பி, ஆறு வயது. கடைசியில் கைக்குழந்தையாக ஒரு தங்கச்சி. ஒட்டினாற்போல் அடுத்த வீட்டில் அத்தை, அப்பாவின் அக்கா. அத்தைக்குப் பிள்ளை கிடையாது. அதனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்பது அத்தை ஒருத்திக்குத்தான் தெரியும்.

தம்பிக்கு இறைச்சி ஆகாது. இறைச்சி மட்டுமில்லை, மீன், முட்டை, பருப்பு, பால் எல்லாமே அப்படித்தான். வாசனை வந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வான். சோற்றில் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் கொடுத்தால் தட்டை வழித்து நக்குவான். சுட்ட மரவள்ளி, வாழைப்பழம், இவை போதும் அவனுக்கு. சீனி என்றால் பைத்தியம். அம்மா எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவான். அவன் கையைப் பிடித்தால் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

அம்மாவும் இறைச்சி தொடமாட்டாள். வாய்க்கு ருசியாகச் சமைப்பாள், ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டாள். தின்றால் தலை வலிக்கிறது என்பாள். யாரும் நம்பவில்லை. "அய்யரு வீட்டுப் பொண்ணுல்ல, நம்மகூடல்லாம் உக்காந்து திங்குமா?" என்று அத்தை குத்திக் காட்டுவாள். அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

எனக்கும் தம்பிக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. விளக்கை நடுவில் வைத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்பா தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்குகிற நேரம் பார்த்து, தம்பி தன் தட்டில் இருக்கிற துண்டுகளை என் தட்டுக்குத் தள்ளிவிடுவான்.

"அக்கா, சீக்கிரம்லா."

நான் மெல்லாமலே முழுங்குவேன். பதிலுக்கு என் வாழைப்பழம் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் பால்மாவு கரைத்து மங்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார்களே, அதிலும் அவன் மங்கு எனக்குத்தான். வாத்தியார் திரும்புவதற்குள் இரண்டையும் காலி பண்ணிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொள்வேன். நான் உருண்டையாக இருந்தேன், அவன் குச்சியாக இருந்தான். ஆனால் ஓடுவான், மரம் ஏறுவான், ரப்பர்க் கொட்டையை நசுக்கி என் காதுக்குப் பக்கத்தில் வெடிக்க வைப்பான். நோயாளிப் பிள்ளை என்று யாரும் சொன்னதில்லை.

அந்த வருஷம் இலை கொட்டுகிற காலம் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், காடு முழுக்கச் சிவந்து, காலடியில் சருகு நொறுங்கும். மரத்தில் பால் இறங்காது. வேலை குறைவு என்பதால் ஆம்பளைகள் எல்லாம் வேட்டைக்குப் போனார்கள். அப்பாவும் போனார். வாரத்துக்கு இரண்டு தடவை காட்டுப்பன்றிப் பங்கு வீட்டுக்கு வந்தது. எனக்குத் திருவிழா. அப்படி ஒரு சாப்பாட்டின்போதுதான் அத்தை உள்ளே வந்தவள் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! ஆம்பளப் புள்ள பங்கையும் சேத்தா திங்கற? இங்க பாருப்பா, ஒன் மவன் ஏன் எலும்புந்தோலுமா இருக்கான்னு கேட்டியே, இவ வயித்தப் பாரு, தெரியும்!"

அப்பா கையைக்கூடக் கழுவவில்லை. இடுப்பு வாரை உருவி அடித்தார். தம்பி அழுதுகொண்டே, "நாந்தாம்ப்பா குடுத்தேன், நாந்தாம்ப்பா" என்று அவர் காலைப் பிடித்தான். பங்கைப் பறித்துத் தின்றதோடு, பிள்ளையைப் பொய் வேறு சொல்ல வைத்திருக்கிறாள் என்று அத்தை அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

அன்றையிலிருந்து எனக்குக் கதவோரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பாடு. தம்பி அப்பா மடிக்குப் பக்கத்தில். அப்பாவே ஊட்டினார். இறைச்சியை நார் நாராகக் கிழிப்பார், ஊதி ஆற்றுவார், சோற்றுக்குள் ஒளித்து உருட்டி வாயில் வைப்பார். அந்தக் கைக்கு அவ்வளவு பொறுமை உண்டென்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. எனக்கு ஒரு நாளும் அப்படி ஊட்டியதில்லை. கதவோரத்தில் உட்கார்ந்து பொறாமைப்பட்டேன்.

தம்பிக்கு வாந்தி ஆரம்பித்தது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் குடலே வெளியில் வருகிற மாதிரி எடுப்பான். பிறகு தூங்குவான், எழுப்பினால் எழமாட்டான். எழுந்தால் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன்போல் கால் பின்னும். ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். இரண்டு மூன்று நாள் வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடப்பான், தெளிந்துவிடுவான். தெளிந்ததும், உடம்பு தேற வேண்டுமே என்று மறுபடி இறைச்சி.

தோட்டத்து டிரெசரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். நம் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்த மனிதர், தெரிந்த வைத்தியத்தைத்தான் அவரும் சொன்னார்.

"சத்தே இல்லப்பா புள்ளைக்கி. தெனம் ஒரு முட்டை குடு. பால் குடு. ஈரல் கெடச்சா குடு."

அப்பா தினம் ஒரு முட்டை வாங்கி வந்தார். தன் சுருட்டை நிறுத்திவிட்டு வாங்கினார்.

முட்டைக்கும் கேட்கவில்லை என்றதும் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார். மகனுக்குக் குணமானால் கறுப்புக் கிடா. நடுவில் சில நாள் பால்மாவு தம்பிக்கு வயிற்றைப் புரட்டியது, அவன் கஞ்சியிலேயே கிடந்தான், நன்றாகத் தெளிந்தான், ஓடினான். முனி கேட்டுக்கொண்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கிடாவைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் கட்டினார்கள். தம்பி அதற்குத் தழை ஒடித்துப் போட்டான், கொம்பைத் தடவிக் கொடுத்தான்.

நம் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெட்டியதும் ஈரலை எடுத்து அங்கேயே நெருப்பில் வாட்டி, யாருக்காக நேர்ந்ததோ அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அதுவும் பெற்ற அப்பன் கையால். பிள்ளை தின்ற பிறகுதான் மற்றவர்கள் இலை போடலாம்.

தோட்டத்துக் கடைசியில் அந்தப் பெரிய மரத்தடியில் கூட்டம். புகை, கர்ப்பூரம், கள் வாசனை. அப்பா வாட்டிய ஈரலை ஊதிக்கொண்டே குனிந்தார். தம்பி வாயை இறுக்கி மூடிக்கொண்டு, "வேணாம்ப்பா" என்றான். பிறகு கூட்டத்தில் யாரையோ தேடினான். என்னைத்தான் தேடினான். அத்தை என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஆட்டு மேல பாசம், அதான் திங்கமாட்டேங்குது புள்ள" என்று யாரோ சொல்ல, எல்லோரும் பாவப்பட்டுச் சிரித்தார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"சாமி குத்தம் ஆயிரும்டா கண்ணு. ஒரே ஒரு வாயி" என்றார் அப்பா. கெஞ்சினார். பிறகு ஒரு கையால் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து வைத்தார். தம்பி முழுங்கியதும் கூட்டம் முழுக்கக் குலவை. நல்ல சகுனம் என்று ஆளுக்கு ஒரு துண்டு அவன் வாயில் வைத்தார்கள். எலும்பு ரசமும் கொடுத்தார்கள். அப்பா அழுதார், சந்தோஷத்தில்.

சாயந்தரம் வாந்தி எடுத்தான். காலையில் அவன் அவனாக இல்லை. கத்தினான், சிரித்தான், தூக்கப் போன அம்மாவின் கையைக் கடித்தான். கண் எங்கேயோ பார்த்தது. அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. "முனி எறங்கியிருக்கு!" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். லயமே வாசலில் கூடியது. பூசாரி வந்து திருநீறு போட்டார்.

"என்ன வேணும் சாமி? சொல்லு, குடுக்கறோம்" என்று அத்தை கேட்டாள்.

தம்பி நாக்கு குழறிக் குழறிச் சொன்னான். "சீனி."

பூசாரி தலையை ஆட்டினார். "இது புள்ள பேச்சு. சாமி இன்னும் பேசல. சுருட்டக் கொண்டா, கள்ளக் கொண்டா."

நான் உள்ளே ஓடினேன். அம்மா சீனி டின்னை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். சீனி எல்லாம் மண்ணில் கொட்டியது.

"இந்த நேரத்துலயும் தின்னணுமாடி ஒனக்கு?"

உச்சி வேளைக்குத் தம்பி துவண்டுவிட்டான். டிரெசர் ஓடிவந்து பார்த்து மூளைக்காய்ச்சல் என்றார். தோட்டத்து லாரியில் அம்மா மடியில் போட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று, பக்கத்து லயத்து அக்கா ஒருத்தர் எனக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். முதல் நாளிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பசிக்காதா? குனிந்து வேகவேகமாக அள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"இன்னும் பசிக்குதா ஒனக்கு?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. 'தம்பியத் தின்னவ' என்ற பெயர் அந்த வாரத்திலேயே லயம் முழுக்கப் பரவிவிட்டது. பள்ளிக்கூடத்தில், பைப்படியில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், எங்கே போனாலும் அதுதான். அம்மா ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்படி இல்லை என்று ஒரு நாள் சொன்னதும் இல்லை. அவன் பள்ளிக்கூட மங்கு, நீல ஓரம் போட்டது, அதை மட்டும் நான் துணிக்குள் சுற்றி வைத்திருந்தேன். தோட்டம் கைமாறி வீடு காலி பண்ணியபோது அது எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன், அம்மாவுக்கும் தெரியவில்லை.

கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தேன். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. தட்டில் மிச்சம் வைக்கிற பிள்ளைகளை மற்ற ஆயாக்கள் அதட்டுவார்கள். நான் ஒரு பிள்ளையையும் அதட்டியதில்லை. எனக்கு ஒரு மகள், பல வருஷம் கழித்து ஒரு மகன். மகனும் இறைச்சி, முட்டை, பால் தொடமாட்டான். ஊரே புத்தி சொன்னது. என் வீட்டுக்காரர், இருந்தவரைக்கும், "கொஞ்சமாச்சும் அதட்டி ஊட்டேன்லா" என்பார். வேண்டாம் என்று சொல்கிற வாயைத் திறக்க என்னால் முடியாது. என் வீட்டில் அது மட்டும் நடக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். மகன் சோறும் உருளைக்கிழங்கும் தின்று ஒல்லியாக, நன்றாகவே வளர்ந்தான். அடிக்கடி தலைவலி என்பான், அவ்வளவுதான்.

அவனுக்குப் பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகு வந்தது வினை. மாப்பிள்ளை நோஞ்சானாக இருக்கிறார் என்று கூட்டாளிகள் கேலி பண்ணினார்கள். ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். அரிசி டின் பெரிசுக்கு ஒரு டின் வாங்கி வந்தான், புரோட்டீன் மாவாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் குடித்தான். கொஞ்ச நாளில் வாந்தி. பிறகு ஒரு மத்தியானம் அவன் வேலை செய்கிற பட்டறை முதலாளி போன் பண்ணினார்.

"அக்கா, ஒங்க பையன் குடிச்சிட்டு வந்திருக்கான் போல. பேச்சு கொழறுது, ஆளத் தெரியல. வந்து கூட்டிட்டுப் போங்க."

என் மகன் கள்ளை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு முன்னமே தெரியும். அவன் கையைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். நம் பிள்ளைதான், கம்பார் ஊர்ப் பக்கம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அம்மா, ஒங்க குடும்பத்துல சின்ன வயசுல எறந்த ஆம்பளப் புள்ளைங்க யாராச்சும் உண்டா? ஒங்க கூடப் பொறந்தவங்க?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். இறைச்சி, முட்டை, பால், பருப்பு இவற்றில் இருக்கிற புரதம் உடம்பில் கரையும்போது ஒரு விஷக் கழிவு வருமாம். நமக்கெல்லாம் ஈரல் அதை மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். என் மகனுடைய ஈரலில் அந்த வேலையைச் செய்கிற சாமான் ஒன்று பிறவியிலேயே சரியில்லை. கழிவு ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்விடுகிறது. தாய் வழியாக வருகிற கோளாறு. பெண்களுக்குப் பாதிதான் பழுது, பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். சிலருக்கு இறைச்சி தின்றால் தலைவலி வரும். ஆண் பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்வார்கள். இதில் சிலர் பிறந்த சில நாளிலேயே போய்விடுவார்களாம், சிலர் தாங்களாகவே அந்தச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துத் தப்பித்திருப்பார்களாம்.

"இப்ப என்ன பண்றீங்க டாக்டர்?"

"புரோட்டீன நிறுத்தியாச்சு. கழிவ வெளியாக்க மருந்து போகுது. அப்புறம் நரம்புல சீனித் தண்ணி ஏத்திட்டு இருக்கோம்மா. மொதல்ல குடுக்கறதே அதான்."

சீனித் தண்ணீர். மண்ணில் கொட்டிய அந்தச் சீனியை நினைத்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு அடுத்ததைக் கேட்டேன்.

"அந்தப் புள்ளையோட இறைச்சியயும் பாலயும் வேற யாராச்சும் தின்னுட்டு இருந்திருந்தா?"

"யாரு?"

"சும்மாதான் கேக்கறேன்."

"அப்படி யாராச்சும் இருந்திருந்தா, அத்தன வருஷம் அந்தப் புள்ளையக் காப்பாத்துனது அவங்கதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்படி ஓர் அழுகை என் புருஷன் செத்ததற்குக்கூட அழவில்லை.

மகன் பிழைத்தான். ஆனால் அதோடு விடவில்லை. சாப்பாட்டை அளந்து கொடுத்தோம், மருந்து கொடுத்தோம். ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் மறுபடி அதே குழறல், அதே ஐ.சி.யூ. ஒவ்வொரு தடவையும் மூளை கொஞ்சம் போகும் என்றார்கள். கல்யாணப் பேச்சு நின்றது. கடைசியில் கோலாலம்பூரில் பெரிய டாக்டர்கள் சொன்னார்கள், ஈரலையே மாற்றிவிடலாம், நல்ல ஈரலில் அந்தச் சாமான் இருக்கும், அது எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும் என்று. இறந்தவர்களிடமிருந்து கிடைப்பது அபூர்வம். உயிரோடு இருக்கிற ஒருவர் ஒரு துண்டு கொடுத்தால் போதும், இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடும்.

"என்னோடத எடுத்துக்குங்க" என்றேன். பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். வயது ஒரு பக்கம் இருக்கட்டும், பழுது என் வழியாகத்தான் வந்திருக்கிறது, என்னிடம் தூங்குகிறது, அதை எடுத்து அவனுக்கு வைக்க முடியாது என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கோ அத்தை குரல்தான் கேட்டது. தம்பியத் தின்னவ, இப்போது மகனுக்கும் இவள்தான் கொடுத்திருக்கிறாள்.

மிச்சம் இருந்தது என் மகள். அவளுக்கும் அது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பரிசோதனைக்கு ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மருமகன் நல்லவர்தான், இருந்தாலும் பயம், "யோசிச்சு செய்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவளிடம் பழுது இல்லை, ரத்தமும் சேருகிறது என்று வந்தபோது எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்க வேண்டுமே.

"வேணாம்னா வேணாம் கண்ணு, ஒன்ன யாரும் கேக்கமாட்டாங்க" என்றேன்.

"ஏம்மா அழறீங்க? அவன் என் தம்பிம்மா. எனக்கில்லாத உரிமையா?"

இரண்டு பேரையும் ஒரே காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு கதவு. நான் நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் அம்மாவைக் கும்பிட்டேன்.

இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மகளுக்கு வயிற்றில் நீளமான தழும்பு. மகனுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை, உடம்பு புது ஈரலைத் தள்ளிவிடாமல் இருக்க. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தால் பழுது அதற்குப் போகும், ஈரலை மாற்றினாலும் அது மாறாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து ஒரு முட்டையை அவித்து உரித்து வைத்தேன். அவனே எடுத்துக் கடித்தான். மெதுவாக மென்றான்.

"இவ்ளோ நல்லா இருக்குமாம்மா இது?" என்றான். "இன்னொன்னு இருக்கா?"

அவனுக்கு வயது முப்பதை நெருங்குகிறது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முட்டைக்காகச் சுருட்டை நிறுத்திய ஒரு மனிதரையும், அதைத் துப்ப முடியாமல் முழுங்கிய ஒரு பிள்ளையையும் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அப்பாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். சுங்கை சிப்புட்டில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். மகள்தான் கார் ஓட்டினாள்.

"தாத்தாகிட்டச் சொல்லிடுங்கம்மா. எத்தன வருஷமா சொமக்கறீங்க?" என்றாள். நானும் அதற்குத்தான் போனேன். வழி முழுக்க மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். நான் தின்றதால்தான் அவன் ஆறு வயதுவரை இருந்தான் அப்பா, நீங்கள் என்னைத் தள்ளி உட்கார வைத்த பிறகுதான் போனான். இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டார்.

"பையன் திங்கறானா?"

"திங்கறான்ப்பா. முட்டை, கோழி, எல்லாம்."

"என்னா சீக்குன்னாங்க?"

"பொறவியிலயே ஈரல்ல கோளாறுப்பா. அம்மா வழியா வர்றது."

அப்பா மெல்லக் கேட்டார். "அவனுக்கும் அதுதானா?" தம்பியைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஈர வேட்டி நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"ஆமாப்பா."

"திங்கறதுல இருந்து வருமாமே. ஒன் தங்கச்சி சொன்னா." வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதை மூடிக்கொண்டார். "அன்னைக்கி வேணாம்ப்பான்னான். நாந்தான் வாயத் தொறந்து வெச்சேன். அப்ப நான் ஊட்டுனதுதானா?"

கேட்டுவிட்டு அந்த மங்கிய கண்ணை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனிதர் இத்தனை வருஷமும் தனக்குள்ளேயே இதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், வேறு யாரையும் கேட்க ஆள் இல்லாமல். வழியில் சேர்த்து வைத்த பேச்சை எல்லாம் அப்படியே விட்டுவிட்டேன்.

"இல்லப்பா" என்றேன். "சாப்பாடு ஒன்னும் காரணமில்ல. எதத் தின்னாலும் தின்னாட்டியும் போயிருப்பான். அந்தக் காலத்துல இதுக்கு வைத்தியமே இல்ல."

"நெசமாவா?"

"டாக்டர் சொன்னாங்கப்பா."

சத்தமில்லாமல் அழுதார், மூக்கைத் துண்டால் துடைத்தார். பிறகு ஏதோ கணக்குப் புரிந்தவர்போல் தலையை ஆட்டினார்.

"அப்ப நீ தின்னதுலயும் ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லப்பா."

"பசியில தின்ன புள்ளையப் போட்டு அடிச்சேன்" என்றார்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள், சொல்லிவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். அப்பா அன்றையிலிருந்து நன்றாகத் தூங்குகிறாராம், தங்கச்சி போனில் சொன்னாள்.

இனி அவரிடம் உண்மையைச் சொல்ல முடியாது. அம்மாவும் அத்தையும் போய்விட்டார்கள். அந்தத் தோட்டத்து ஆட்களில் மிச்சம் இருப்பது நீங்கள்தான். என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்களும் உங்களில் உண்டு, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். பசியில்தான் தின்றேன், ஆசையாகத்தான் தின்றேன். ஆனால் என் தம்பியை நான் தின்னவில்லை. அவன் பங்கை நான் தின்றுகொண்டிருந்த வரைக்கும் அவன் உயிரோடு இருந்தான்.